வீட்டுக்குள் இரு பூனைக்குட்டிகள்: இரக்கமும் பொறுப்பும்

 

பனிச்சங்கேணிக் களப்பின் கரையோரத்திலும், அதற்குத் தெற்கே வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதிகளிலும் பூனை புதிய விருந்தாளியன்று. மீன் வந்திறங்கும் இடமெல்லாம் பூனையும் வந்து அமர்ந்திருக்கும். நம் முன்னோர் அதனைத் தனியாக வளர்த்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அது குசினி வாசலில் நின்றது, மீன் தலையைத் தின்றது, எலியைப் பிடித்தது, தன் வழியே போயிற்று. இன்று நிலைமை வேறு. திருகோணமலை வீதியில் வாகனங்கள் விரைகின்றன. தெருநாய்களின் தொல்லையும் உண்டு. ஆகவே நம் பிள்ளைகள் குட்டிகளை எடுத்து வந்து வீட்டுக்குள்ளேயே வளர்க்க விரும்புகின்றனர். ஒன்று தனித்துப் போகுமே என்று இரண்டாகவும் கொண்டு வருகின்றனர்.

முதல் வாரம் மகிழ்ச்சியாகக் கழியும். இரண்டாவது வாரத்தில் நுளம்புவலை கிழியும். யன்னற் சீலையில் ஒன்று ஏற, மற்றது அதன் வாலைப் பிடித்து இழுக்கும். ஸுபஹுக்கு முன்னரே வீடு முழுவதும் ஓட்டப்பந்தயம் நடக்கும். உம்மா பொறுமை இழப்பார். "பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வா" என்று வாப்பா கூறுவார். நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு பூனையைக் கட்டி வைத்து, அதற்கு உணவும் கொடாமல், பூமியிலுள்ள சிறு உயிர்களைத் தின்று பிழைக்கும்படி விட்டுவிடவும் செய்யாமல் சாகடித்த பெண்ணொருத்தி தண்டனைக்குள்ளானதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இதைக் கேட்ட சிலர், பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பதே பாவம் என்று எண்ணிக் கொள்கின்றனர். அது சரியன்று. அங்கே குற்றமாவது அடைத்து வைத்ததோடு பட்டினி போட்டது. உணவும் நீரும் குறைவின்றிக் கொடுத்து வளர்ப்பது ஆகும் என்றே ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர்.

வேறு சிலரோ, "நாங்கள் அடைத்து வைக்கவில்லை, அவிழ்த்து விட்டுவிட்டோம்" என்று கூறித் தம்மைத் தேற்றிக் கொள்கின்றனர். சற்றுச் சிந்தியுங்கள். வேட்டையாடப் பழகிய பூனையை அவிழ்த்து விட்டால் அது பிழைத்துக் கொள்ளும். பிறந்தது முதல் உங்கள் கையால் உண்டு, நான்கு சுவர்களுக்குள் வளர்ந்த குட்டிக்கு வேட்டை எங்கே தெரியும்? நாயைக் கண்டால் எந்த மரத்தில் ஏறுவது என்று யார் கற்றுக் கொடுத்தார்? அதனைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அறியாத இடத்தில் விடுவது விடுதலையன்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பட்டினி போடுவதாகும் அது.

அன்புள்ள பெற்றோர்களே! குட்டிகளின் சேட்டை கெட்ட குணத்தினால் வருவதன்று. பூனை இனம் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் இரை தேடும் இயல்புடையது. பகலில் பெரும்பகுதியை உறங்கிக் கழித்துவிட்டு, நாம் உறங்க விரும்பும் நேரத்தில் அது விழித்துக் கொள்கிறது. ஆகவே இஷாவுக்குப் பின்னர் கால் மணி நேரம் அவற்றை ஓடவிட்டு விளையாட்டுக் காட்டுங்கள். அதன் பிறகு உணவு கொடுங்கள். ஓடி, உண்டு, உறங்குவதே அவற்றின் ஒழுங்கு. அதிகாலையில் கத்தும்போது எழுந்து உணவு வைத்தால், கத்தினால் உணவு கிடைக்கும் என்று அவை கற்றுக் கொள்ளும்.

நகத்தைத் தீட்டுவதும் அவற்றின் தேவையே. ஒரு மரக்கட்டையில் தும்புக் கயிற்றை இறுகச் சுற்றி, அவை உறங்கும் இடத்துக்கு அருகில் அசையாமல் நிறுத்தி வையுங்கள். கதிரை தப்பும். கையை அசைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள்; கையைக் கடிக்கலாம் என்ற பாடத்தை நாமே கற்பித்தவர்களாவோம். நூலையும் தூண்டில் நரம்பையும் தரையில் விட்டு வைக்காதீர்கள். குட்டி அதை விழுங்கினால் குடல் அறுந்து போகக்கூடும். அடிப்பதால் பூனை திருந்தாது. அடித்தவரைக் கண்டு அஞ்சவே கற்றுக் கொள்ளும். இரண்டு குட்டிகள் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அவை ஒன்றிடமிருந்து மற்றது அறிந்து கொள்கின்றன.

உணவு விடயத்தில் இரு தவறுகள் நம்மிடையே பரவலாக உள்ளன. பூனைக்கு வெறுஞ் சோறு போதாது. மீனோ இறைச்சியோ அவசியம். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். தூய நீரே போதுமானது. சுகயீனமுற்ற பூனைக்குப் பனடோல் கொடுப்பது அதனைக் கொல்வதாகும். அதன் ஈரலால் அம்மருந்தைத் தாங்க முடியாது.

இனி, சுத்தம் பற்றிய கேள்வி. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூ செய்யவிருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய தம் மகனின் மனைவி கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வரும் பிராணிகளுள் ஒன்று என நபியவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். ஆகவே அதன் வாய் பட்ட நீர் அசுத்தமாவதில்லை. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ் ஆகும், கழுவ வேண்டும். உதிர்ந்த முடி ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ் எனக் கருதப்பட்டாலும், ஆடையில் ஒட்டிய ஒன்றிரண்டு முடிகள் மன்னிக்கப்பட்டவை. தொழும் விரிப்பை உதறி மடித்து அலமாரியில் வைப்பது எளிய வழி.

மணல் தட்டுகள் இரு குட்டிகளுக்கு மூன்று இருப்பது நன்று. ஒவ்வொரு நாளும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். பூனை மலத்தில் வரக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது செல்லும் என்பதால், தினமும் அகற்றுவது பாதுகாப்பாகும். கர்ப்பிணித் தாய்மார் இவ்வேலையைச் செய்யாது மற்றவர்களிடம் விட்டுவிடுவது நலம். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் பரவக் கூடியது. மூன்று மாத வயதில் தடுப்பூசி போடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இரு குட்டிகளில் ஒன்று கடுவனும் மற்றது பெட்டையுமாயின் இன்னொரு விடயத்தை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நான்கைந்து மாதங்களிலேயே அவை இனப்பெருக்க வயதை எட்டிவிடக் கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் குட்டிகள் பிறக்கும். உடன்பிறப்பு என்ற வேறுபாடு அவற்றுக்குக் கிடையாது. கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முற்கால ஷாபிஈ நூல்கள், உண்ணத்தகாத பிராணிகளுக்கு அதனை அனுமதிப்பதில்லை. தற்கால அறிஞர் பலர் தேவை கருதி அனுமதிக்கின்றனர். உங்கள் ஊர் ஆலிமிடமும் கால்நடை வைத்தியரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பிறக்கும் குட்டிகளைச் சந்தையில் வீசலாம் என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம்.

நமது நாட்டிலே மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், எகிப்தை ஆண்டு 1277இல் மறைந்த சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவிலே பூனைகளின் உணவுக்கென ஒரு தோட்டத்தை வக்பு செய்தார் என்று கூறப்படுகிறது. அத்தோட்டம் கைமாறிப் போன பின்னரும், காழி அவர்களின் முற்றத்தில் பூனைகளுக்கு உணவு இடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

இளைஞர்களே! குட்டியைத் தூக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள். வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடும். உயர்தரப் பரீட்சை முடிந்து நீங்கள் பல்கலைக்கழகம் போவீர்கள். தொழில் தேடிக் கட்டார் போவீர்கள். அப்போது மணல் தட்டை அள்ளப்போவது யார்? உங்கள் உம்மாவே. ஆகவே குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பேசி, உணவு யார், சுத்தம் யார், செலவு யார் என்று முடிவு செய்த பின்னரே குட்டியை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். முடியாது என்று தோன்றினால் கொண்டு வராமல் இருப்பதும் இரக்கத்தின் ஒரு வகையே.

பெற்றோர்களே! ஏற்கனவே வந்துவிட்டனவாயின், கோபத்தில் துரத்தி விடாதீர்கள். குட்டிகளின் துள்ளல் ஓராண்டு, ஈராண்டில் தணிந்துவிடும். வாயில்லா உயிரொன்றைத் தொந்தரவு என்று கண்டதும் அப்புறப்படுத்தும் வீட்டில், பிள்ளைகள் அந்தப் பாடத்தையே கற்பார்கள். நாம் முதுமையடைந்து நடு இரவில் விழித்து அழைக்கும் காலம் வரும்போது, அவர்களின் கையில் இருப்பது அந்தப் பாடமாகவே இருக்கும்.

வாயற்ற உயிர்களிடத்தில் இரக்கமும், ஏற்றுக்கொண்ட பொறுப்பில் உறுதியும் உடையவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.