மீண்டும் கேட்ட இசைத்தட்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாண்டு நிறைவையொட்டி அவரவருக்கு விருப்பமான ஒரு படைப்பைப் பற்றிப் பேசலாம் என்று செயலாளர் தெரிவித்தார். நான் விரும்பாத ஒரு படைப்பைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. வட்டம் தொடங்கிய முதலாண்டில், கவிதைக்கும் பிற கலைகளுக்கும் உள்ள உறவைப் பேசிய ஓர் அமர்வில், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் இசைக்குழுவைப் பற்றி உரையாற்றினேன். அவர்களுடைய ஐந்து இசைத்தட்டுகளை விரிவாகப் புகழ்ந்தேன். 1986-இல் வெளிவந்த 'எலெக்ட்ரிக் கஃபே'யை மட்டும் களைப்பின் விளைவு என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கித் தள்ளினேன். கூட்டம் முடிந்தபின் மூத்த உறுப்பினர் ஒருவர் அருகில் வந்து, "அதை எத்தனை முறை கேட்டீர்கள்?" என்று வினவினார். ஒரே ஒரு முறை. அதுவும் முழுமையாக அல்ல. அதை அவரிடம் சொல்லாமல் மழுப்பிவிட்டேன். இன்றைய உரை, அந்தக் கேள்விக்குக் காலங்கடந்து நான் தரும் விடை.

கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் சொல்லுக்கு மின் உற்பத்தி நிலையம் என்று பொருள். 1970-இல் டுசல்டார்ஃப் நகரில் ரால்ஃப் ஹூட்டரும் ஃபுளோரியன் ஷ்னைடரும் இக்குழுவைத் தொடங்கினார்கள். பின்னர் வூல்ஃப்காங் ஃபுளூரும் கார்ல் பார்ட்டோஸும் சேர, நால்வர் குழுவாக உலகம் இவர்களை அறிந்தது. 1974-இல் 'ஆட்டோபான்', 1975-இல் 'ரேடியோ ஆக்டிவிட்டி', 1977-இல் 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்', 1978-இல் 'த மேன் மெஷின்', 1981-இல் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடுபொருள் இருந்தது: நெடுஞ்சாலை, வானொலியும் கதிரியக்கமும், தொடர்வண்டி, இயந்திர மனிதன், கணிப்பொறி. கேட்பவன் கையில் திறவுகோலைத் தந்துவிட்டே அவர்கள் இசைக்கத் தொடங்கினார்கள் எனலாம்.

1981-க்குப் பின் ஐந்தாண்டுகள் புதிய தட்டு எதுவும் வரவில்லை. இடையில் 1983-இல் மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றிய 'டூர் த பிரான்ஸ்' என்ற தனிப்பாடல் மட்டும் வந்தது. அதே ஆண்டு 'டெக்னோ பாப்' என்ற பெயரில் ஒரு தட்டு வருமென அறிவிக்கப்பட்டு, பிறகு நிறுத்தப்பட்டது. இந்த இடைவெளியில் உலகம் சும்மா இருக்கவில்லை. 1982-இல் நியூயார்க்கில் ஆப்பிரிக்கா பம்பாட்டா, 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' இசையின் மெட்டையும் 'நம்பர்ஸ்' பாடலின் தாளத்தையும் இணைத்து 'பிளானட் ராக்' என்னும் பாடலை உருவாக்கினார். டெட்ராய்ட் நகரில் ஜுவான் அட்கின்ஸ் போன்ற இளைஞர்கள் இவர்களிடம் கற்றதை வைத்துத் தமக்கெனப் புதிய நடன இசையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒலித்துணுக்குகளைப் பதிந்துவைத்து விசையழுத்தி எழுப்பும் சாம்பிளிங் கருவிகளும் பரவிவிட்டன. 1986-இன் இறுதியில் 'எலெக்ட்ரிக் கஃபே' வெளிவந்தபோது, ஆசிரியர் தம் மாணவர்களின் வரிசையில் கடைசி ஆளாக வந்து நிற்பதுபோல் பலருக்குத் தோன்றியது.

அதன்மீது சொல்லப்பட்ட குற்றங்கள் மூன்று. ஆறே உருப்படிகள், ஏறத்தாழ 35 நிமிடங்கள். ஐந்தாண்டுக் காத்திருப்புக்கு இது போதாது. முந்தைய தட்டுகளில் இருந்ததுபோல் ஒரு பாடுபொருள் இல்லை. முன்பிருந்த மெட்டின் இனிமையும் இல்லை. தாளமும் துண்டு துண்டான குரலுமே எஞ்சியுள்ளன. முதற்குற்றத்தை நான் மறுக்கவில்லை. மற்ற இரண்டும்தான் என்னை மறுபடி கேட்கவைத்தன.

முதற்பக்கத்தில் 'போயிங் பூம் ச்சாக்', 'டெக்னோ பாப்', 'மியூசிக் நான் ஸ்டாப்' என்ற மூன்று உருப்படிகளும் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஏறத்தாழ 16 நிமிடங்கள் ஓடுகின்றன. முதலாவதன் தலைப்பைக் கவனியுங்கள். அகராதியில் தேடிப் பொருள்காணும் சொற்கள் அல்ல அவை. வில்சுருள் துள்ளுவதையும், முரசு அதிர்வதையும், தட்டு அறைவதையும் வாயால் செய்துகாட்டும் ஒலிக்குறிப்புகள். தமிழிலக்கணம் அறிந்த நமக்கு இது புதிதன்று. இரட்டைக்கிளவியை இலக்கணத்தில் இடமளித்துப் போற்றியவர்கள் நாம். மிருதங்கத்தின் சொற்கட்டை வாயாலேயே முழக்கிக்காட்டும் கொன்னக்கோல் மரபும் நமக்கு உண்டு. அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரே 'கிளிங் கிளாங்', அதுவும் ஒலிக்குறிப்புதான்.

இங்கே நிகழ்வது என்ன? முந்தைய தட்டுகளில் இயந்திரம் தாளம் போட்டது. மனிதக்குரல் அதன்மேல் பாடியது. இத்தட்டில் மனிதக்குரலே நறுக்கப்பட்டுத் தாளமாகிறது. முரசு இருக்க வேண்டிய இடத்தில் அசை இருக்கிறது. அடுத்து வரும் 'டெக்னோ பாப்' ஒரே மொழியில் நிற்காமல் ஜெர்மன், ஆங்கிலம், ஸ்பானியம் என்று மாறிமாறிப் பேசுகிறது. எந்த மொழியும் நீண்டு நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் ஓசையைத் தந்துவிட்டு ஒதுங்குகிறது. பாடுபொருள் இல்லை என்று நான் எண்ணியது இந்த இடத்தில்தான் பிழையாயிற்று. முன்பு வெளியே இருந்த ஒரு பொருளைப் பார்த்தவர்கள், இம்முறை தம் கைப்பொருளையே பார்த்தார்கள். குரல் எப்போது சொல்லாகிறது, சொல் எப்போது வெறும் ஓசையாகிறது என்பதே இத்தட்டின் பாடுபொருள். சாலையும் வண்டியும் கண்ணுக்குத் தெரியும், இது தெரிவதில்லை. ஆகவே இல்லையென்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் 'த டெலிபோன் கால்'. கிராஃப்ட்வெர்க் தட்டுகளில் கார்ல் பார்ட்டோஸ் முதன்மைக் குரலாகப் பாடியது இந்த ஒரு பாடலைத்தான். தொலைவிலிருக்கும் ஒருவரை அழைக்கிறான் ஒருவன். எண்களைச் சுழற்றும் ஒலி, மணியொலி, இணைப்பின் தொனி, பதிந்துவைக்கப்பட்ட அறிவிப்புக் குரல் ஆகியவையே பாடலின் வாத்தியங்கள். எளிமையான, சற்றே நடுங்கும் மனிதக்குரல் கேட்கிறது. மறுமொழியாக வருவது பதிவுக்குரல். முதற்பக்கத்தில் குரல் இயந்திரமாவதைக் கேட்டுவிட்டு வந்த செவிக்கு, இந்தக் காத்திருப்பின் துயரம் இருமடங்காகிறது. முதற்பக்கத்தை விளையாட்டாகக் கேட்டவன் இங்கே வந்து அதன் விலையை அறிகிறான். தனியாக இப்பாடலைக் கேட்டிருந்தால் இது எனக்குப் புலப்பட்டிராது. இரு பக்கங்களையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் விளங்கிற்று.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 'செக்ஸ் ஆப்ஜெக்ட்' என்ற பாடல் எத்தனை முறை கேட்டும் என்னைத் தொடவில்லை. எண்பதுகளின் நடுவில் எங்கும் ஒலித்த பாஸ் கிட்டார்ச் சாயல் அதில் தூக்கலாக இருப்பதால், ஆண்டு முத்திரை குத்தியதுபோல் ஒலிக்கிறது. 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' தட்டுக்கு மேலாக இதை வைக்கவும் நான் ஒப்பமாட்டேன். மறுமதிப்பீடு என்பது, தாழ்த்திய ஒன்றை உச்சியில் ஏற்றுவதல்ல. அதன் இடத்தில் அதை வைப்பது.

படைத்தவர்களுக்கே இத்தட்டைப் பற்றி மனநிறைவு இருந்ததாகத் தெரியவில்லை. 2009-இல் தம் தட்டுகளைச் செம்மைப்படுத்தி மறுவெளியீடு செய்தபோது, 'எலெக்ட்ரிக் கஃபே' என்ற பெயரை நீக்கி, 1983-இல் கைவிட்ட 'டெக்னோ பாப்' என்ற பெயரையே சூட்டினார்கள். 'த டெலிபோன் கால்' குறுக்கப்பட்டது. 'ஹவுஸ் போன்' என்ற உருப்படி சேர்க்கப்பட்டது. தொகுப்பு வெளிவந்து பல்லாண்டுகள் கழித்தும் தலைப்பை மாற்றத் துடிக்கும் கவிஞர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புரியும்.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். நால்வர் குழுவின் கடைசித் தட்டு இதுவே. அடுத்த சில ஆண்டுகளில் ஃபுளூரும் பார்ட்டோஸும் விலகினார்கள். 1991-இல் வந்த 'த மிக்ஸ்' பழைய பாடல்களின் மறுவடிவம். முழுதும் புதிய தட்டு 2003-இல்தான் வந்தது. இடையில் 17 ஆண்டுகள். ஷ்னைடரும் பின்னர்க் குழுவைவிட்டு நீங்கி, 2020-இல் மறைந்தார். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் அவர்களுடைய மேடை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே விதமாகவே நிறைவுற்று வந்தன. ஒதுக்கப்பட்ட இந்தத் தட்டின் முதற்பக்க இசையே நிறைவுப்பகுதி. தாளம் ஓடிக்கொண்டிருக்க, கலைஞர் ஒவ்வொருவராகத் தம் பங்கை வாசித்து, அவையை வணங்கி, மேடையைவிட்டு இறங்குவார். கடைசியாக ஹூட்டர் இறங்குவார். விடைபெறும் வேளைக்கு அவர்கள் 'ஆட்டோபா'னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆள் போனபின்னும் ஓசை நிற்கும் என்று சொல்ல, வாயொலியைத் தாளமாக்கிய இந்த இசையே அவர்களுக்குப் பொருத்தமாயிருந்தது.

நண்பர்களே, இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் எத்தனையோ கவிதைத் தொகுப்புகளை மதிப்பிட்டிருக்கிறோம். முதல் தொகுப்பை அன்போடு வரவேற்கிறோம். இரண்டாவதைக் கூர்ந்து பார்க்கிறோம். நான்காவதோ ஐந்தாவதோ வரும்போது, "பழைய வேகம் இல்லை" என்ற வாக்கியம் நம் நாவில் ஆயத்தமாக இருக்கிறது. அதைச் சொல்ல நூலைப் பிரிக்கவும் தேவையில்லை. மூத்த கவிஞர் தம் பழைய பாடுபொருளை விட்டுவிட்டு, சொல்லையே கையிலெடுத்துத் தட்டிப்பார்க்கும் வேளையில், நாம் அவரிடம் பழைய சாலையையும் பழைய வண்டியையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம்முடைய அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் அவர் எழுதாமலே போய்விடவும் கூடும். இந்த வட்டத்தில் அப்படி ஓசையடங்கியவர்கள் உண்டு. அவர்களுடைய நூல்கள் நம் அலமாரியிலேயே இருக்கின்றன.

பதினோராம் ஆண்டில், அத்தகைய நூல் ஒன்றை மாதந்தோறும் எடுத்து, முழுமையாக வாசித்துவிட்டுப் பேசும் அமர்வு ஒன்றை நடத்தலாம் என்று முன்மொழிகிறேன். பேசுவோர் எழுந்தவுடன் முதலில் சொல்லவேண்டியது, எத்தனை முறை வாசித்தார் என்பதே.

என்னிடம் அன்று கேள்வி கேட்ட பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, எண்ணிக்கை இப்போது எனக்கு நினைவில்லை. ஆனால் இரண்டு பக்கங்களையும் கேட்டுவிட்டேன்.