மலையும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும்

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு கொல்லிமலைப் படங்கள் கைப்பேசிகளில் வந்து நிறையும். வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில் முன்பு நின்ற குடும்பம், ஆகாய கங்கையில் குளித்துக் கரையேறியவர்கள், செம்மேட்டில் வல்வில் ஓரி விழா மேடையில் ஆடிய கலைஞர்கள் என்று எத்தனையோ படங்கள். அவற்றில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். பின்னால் மலை நின்ற இடத்தில் வெறும் கறுப்பு இருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய் எடுத்த படத்தில் கொல்லிமலை இல்லாமல் போய்விடுகிறது. பழியைப் பிளாஷின் மேல் போடுவது வழக்கம். பிளாஷ் என்றாலே கலைக்கு விரோதம் என்று சொல்கிற நல்ல புகைப்படக்காரர்களும் உண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் தவறு இருக்கிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்துக்குக் கேமராவை முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். அந்த வெளிச்சத்தால் ஆகாததை மட்டும் பிறகு பிளாஷிடம் கேட்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இது ரசனையைப் பொறுத்த விஷயம் மட்டுமில்லை, கணக்கும் இதைத்தான் சொல்கிறது. பிளாஷ் மின்னும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவு. ஷட்டர் 15இல் ஒரு நொடி திறந்திருந்தாலும் 200இல் ஒரு நொடி திறந்திருந்தாலும் அந்த மின்னல் முழுவதும் உள்ளே வந்துவிடும். ஆகவே பிளாஷால் முகத்தில் விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் வானமும் மலைச்சரிவும் தரும் வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் 15இல் ஒரு நொடியில் நன்றாகப் பதியும் மலை, 200இல் ஒரு நொடி வைத்தால் பதின்மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே பெற்று இருட்டில் மூழ்கிவிடும். அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டு வெளிச்சத்தையும் சேர்த்தே கூட்டிக் குறைக்கும். ஷட்டர் மட்டும் சூழலின் வெளிச்சத்தைத் தனியாக ஆளும். பிளாஷின் பலமும் தூரமும் முகத்தைத் தனியாக ஆளும். ஒரே படத்துக்குள் இரண்டு படங்கள் எடுக்கிறோம் என்பதை உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல கேமராக்கள் பிளாஷைத் திறந்ததும் தாமாகவே 60இல் ஒரு நொடிக்குக் கீழே இறங்க மறுக்கும். கை நடுங்கிப் படம் கலங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் தயவில் முகம் தப்பிக்கிறது, மலை போய்விடுகிறது.

தூரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. தூரம் இரட்டித்தால் பிளாஷ் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். மேடையில் முன்வரிசை ஆட்டக்காரர் 2 மீட்டரிலும் கடைசி வரிசைக்காரர் 8 மீட்டரிலும் இருந்தால், பின்னவருக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. எதிரே 200 மீட்டர் தள்ளியிருக்கும் சரிவுக்கு, 2 மீட்டரில் நிற்பவர் பெறுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பிளாஷானாலும் மலைக்கு வெளிச்சம் போட முடியாது. மலையைக் காட்ட வானத்தால்தான் முடியும், அந்த வானத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறப்பது நம் பொறுப்பு.

ஆகாய கங்கைக்கு வருவோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. சுற்றிலும் செங்குத்தான பாறை. வெளிச்சம் உச்சியிலிருந்து மட்டும் இறங்குவதால் நெற்றி பளிச்சென்றும் கண்குழிகள் இருண்டும் இருக்கும். பின்னால் வெண்ணிற நீர்த்திரை. கேமராவின் ஒளிமானி காட்சி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். அந்த வெண்மையைக் கண்டதும் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். அதில் முதலில் அடிபடுவது கறுத்த, மாநிற முகங்கள்தாம். அந்த மலை மக்களின் முகங்களை நிழலுருவங்களாகவே பதிவு செய்துகொண்டு போவதில் எனக்கு வருத்தம் உண்டு. இங்கே பிளாஷ் வேண்டும். ஆனால் நீர்த்திரையின் வெண்மை கெடாமல் முதலில் அளவு வைத்துக்கொண்டு, முகத்துக்குத் தேவையானதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைவாகப் பிளாஷைக் கொடுத்தால் போதும். கண்குழி திறக்கும், பிளாஷ் அடித்த அடையாளம் தெரியாது. கேமராவின் தலைமேலேயே பிளாஷை வைத்திருந்தால் இன்னொரு தொல்லை வரும். லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் மிதக்கும் சாரல் துளிகள், முகத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் வாங்கி வெள்ளை வட்டங்களாகப் படம் முழுக்கச் சிதறும். மூடுபனியிலும் இதேதான். பிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் கை நீட்டிப் பிடித்தால் இது வெகுவாகக் குறையும். அடர்ந்த பனியில் அதுவும் பலிக்காது. அப்போது பிளாஷை அணைத்துவிடுவதே சரி.

பிளாஷை இப்படிப் பயன்படுத்துவதற்கு எழும் ஆட்சேபங்களில் வலுவானது இன்றைய தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. இப்போதைய சென்சார்கள் ஐஎஸ்ஓ 6400இலும் தெளிவான படம் தருகின்றன, கைப்பேசியில் இரவுப் படத்துக்கென்றே வசதி இருக்கிறது, பிறகு பிளாஷ் எதற்கு என்பது கேள்வி. நியாயமான கேள்வி. வெளிச்சம் போதாத குறையை அந்த வசதிகள் தீர்த்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அவற்றால் மாற்ற முடியாது. உச்சி வெளிச்சத்தில் இருண்ட கண்குழி ஐஎஸ்ஓவைக் கூட்டினாலும் சுற்றியுள்ளதைவிட இருண்டே இருக்கும். கைப்பேசியின் இரவு வசதி பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. ஆடுகிறவரின் கையும் காலும் அதற்குள் இடம் மாறிவிடும். ஆடி மாதத்து அந்தியில் ஓர் ஆட்டத்தை எடுக்கும்போது ஷட்டரை மெதுவாக வைத்து, அது மூடும் தறுவாயில் பிளாஷ் மின்னும்படி அமைத்தால், அசைவின் இழுப்பும் கிடைக்கும், முகத்தின் கூர்மையும் கிடைக்கும். மேடை விளக்கின் மஞ்சளுக்கு ஈடாகப் பிளாஷின் முன் ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டால் இரண்டு வெளிச்சமும் ஒரே நிறமாக ஒத்துப்போகும். நம் பக்கத்து அந்தி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். இந்த ஏற்பாடெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

செயற்கை வெளிச்சம் எதுவானாலும் அது பொய் என்பது இன்னொரு ஆட்சேபம். பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1880களின் கடைசியில் நியூயார்க் சேரி அறைகளுக்குள் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி எடுத்த படங்களில் மனிதர்கள் திடுக்கிட்டுப் பார்க்கிறார்கள். அவை 1890இல் நூலாகி மக்கள் மனத்தை அசைத்தன. அந்த அறைகளில் வேறு வெளிச்சம் இல்லை, ஆகவே அவருக்கு வேறு வழியும் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது, வளப்பூர் நாட்டில் வானம் இருக்கிறது. மறுபக்கம் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவை எண்ணிப் பாருங்கள். சத்யஜித் ராயின் 1956ஆம் ஆண்டுப் படமான ‘அபராஜிதோ’வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் அமைத்தார்கள். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதை நோக்கித் திருப்பி, பட்டுத் திரும்பிய வெளிச்சத்தை வானத்து வெளிச்சமாக இறக்கினார் மித்ரா. விளக்கு முழுக்கச் செயற்கை. ஆனால் முற்றத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்பதை முதலில் கண்டறிந்து அதற்கு விளக்கைப் பணிய வைத்ததால் அந்தக் காட்சி உண்மையாக நிற்கிறது. இடத்தின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகிற செயற்கை வெளிச்சத்தைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வழிபடுகிறவர் கண்ணில் மின்னல் அடிப்பது தகாது என்பதில் மட்டும் எனக்கு மறுபேச்சே இல்லை. கோயிலுக்குள், சாமி கும்பிடும் நேரத்தில், பிளாஷ் பைக்குள் இருக்கட்டும். கேட்காமல் யார் முகத்திலும் அடிக்க வேண்டாம்.

அடுத்த முறை கேமராவோடு மலையேறும் அன்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே நின்றாலும் முதல் படத்தைப் பிளாஷ் இல்லாமல் எடுங்கள். மலையும் வானமும் கண்ணுக்குத் தெரிகிறபடி அதில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விழும்வரை ஷட்டரைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு பிளாஷைப் போடுங்கள். முழு பலத்தில் அல்ல, நாலில் ஒரு பங்கில் தொடங்குங்கள்.