எனக்குக் கிடைத்த இரண்டு சுரங்கள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலை வழிக் கற்றல் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

அரசுப் பணிக்கு வருவதற்கு முன், தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். ஆண்டு விழாவுக்குக் குழுப்பாடல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முப்பது குழந்தைகளில் ஒரு சிறுமிக்கு மட்டும் சுருதி சேரவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவளைத் தனியே அழைத்து, "மேடையில நீயும் நில்லும்மா. ஆனா பாடாதே, வாயை மட்டும் அசை, போதும்" என்றேன். "சரிங்க மிஸ்" என்றாள். விழாவன்று அப்படியே செய்தாள். பாடல் நன்றாக இருந்ததாக எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு கல்வியியலில் மேற்படிப்புக்காகச் சிங்கப்பூர் சென்றேன். நான் படித்த பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் சீன இசைக் குழு ஒன்று இருந்தது. மாலை வேளைகளில் ஒத்திகை நடக்கும். ஒருநாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை உள்ளே அழைத்தார்கள். முன் அனுபவம் தேவையில்லை, கருவியையும் இரவலாகத் தருகிறோம் என்றார்கள்.

கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். நான்கு தந்திகள் கொண்ட பிபா. 21 தந்திகள் கொண்ட குஜெங். மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிக்கும் யாங்சின். மூங்கில் குழல்களைக் கொத்தாகச் சேர்த்த ஷெங். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளிழுத்தாலும் ஒலிக்கும். திட்ஸ் என்னும் புல்லாங்குழலில் நம் குழலில் இல்லாத ஒரு துளை உண்டு. அதன்மேல் நாணலின் உட்புறத்திலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை ஒட்டுகிறார்கள். அது அதிர்வதால் ஓசையில் ஒரு ரீங்காரம் சேர்கிறது. சுவோனாவைப் பார்த்ததுமே நாகசுரத்தின் நினைவு வந்தது. அதற்கும் சீவாளி உண்டு.

நான் எர்ஹூவைத் தேர்ந்தெடுத்தேன். அதில் இரண்டே தந்திகள். எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்!

வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்ட மெட்டு இருக்கிறது. வயலினில் மெட்டு இல்லாவிட்டாலும் தந்திக்கு அடியில் பலகை இருக்கிறது. எர்ஹூவில் இரண்டும் இல்லை. தந்தி காற்றில் நிற்கிறது. விரல் எங்கே தொட வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வில்லின் குதிரைவால் முடியோ இரண்டு தந்திகளுக்கும் நடுவில் புகுந்திருக்கிறது. வெளிப்புறமாகத் தள்ளினால் ஒரு தந்தி ஒலிக்கும். விரல்களால் முடியை உள்ளே இழுத்தால் மற்றொன்று ஒலிக்கும். தொடைமேல் வைக்கும் சிறிய பெட்டியின் முகத்தில் மலைப்பாம்புத் தோல் போர்த்தியிருக்கும்.

முதல் மாதம் எனக்கு வந்ததெல்லாம் எண்ணெய் காணாத கதவின் ஓசைதான். என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குத் தெரியும், கை கேட்காது. "எத்தனை தடவை சொல்லிக் கொடுக்கிறது?" என்று நான் குழந்தைகளைக் கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்கு ஏன் எந்தக் குழந்தையும் பதில் சொன்னதில்லை என்பது அப்போது புரிந்தது. அதற்குப் பதில் கிடையாது. தெரிந்தால் செய்திருக்க மாட்டோமா?

எங்கள் பயிற்றுநரை எல்லோரும் 'லாவ்ஷி' என்று அழைப்பார்கள். சீன மொழியில் 'ஆசிரியர்' என்று பொருள். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இசைக்குறிகளுக்குப் பதிலாக வெறும் எண்கள். 'ஜியென்பூ' என்னும் எண் குறியீட்டு முறை அது. 1 முதல் 7 வரை ஏழு சுரங்கள். 0 என்றால் மௌனம். எண்ணின் மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. எண்ணின் அடியில் ஒரு கோடு போட்டால் காலம் பாதியாகும்.

"1, 2, 3, 5, 6 பாடிப் பாருங்கள். சீன இசையில் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் இருக்கிறது" என்றார். நான் சிறுவயதில் கீதம் வரை வாய்ப்பாட்டு கற்றவள். எண்களை மனதுக்குள் மாற்றிப் பார்த்தேன். ச, ரி, க, ப, த. நம் மோகனம்! உரக்கப் பாடினேன். குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது. லாவ்ஷி எர்ஹூவை எடுத்து அந்தச் சுரங்களையே என் பின்னால் வாசித்தார். நாங்கள் பழகிய உருப்படியில் எர்ஹூவின் இரண்டு தந்திகளும் 1, 5. அதாவது ச, ப. அன்றிலிருந்து எனக்கு அந்தத் தாளைப் படிக்க முடிந்தது. 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்று ஆசிரியப் பயிற்சித் தேர்வில் நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அதன் பொருளை நான் உணர்ந்தது அந்த மாலையில்தான்.

நான்காம் மாதம் கச்சேரி வந்தது. உருப்படியின் நடுவில் ஒரு வேகமான பகுதி. என்னால் முடியவே இல்லை. லாவ்ஷி எனக்கென்று தனியாக ஒரு வரி எழுதித் தந்தார். அதில் இருந்தவை இரண்டே எண்கள்: 1, 5. விரலே வைக்க வேண்டாம். தந்தியை நீளமாக இழுத்தால் போதும். எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த ஒத்திகையில் ஒரு வேலை செய்தேன். எல்லோருடைய வில்லும் போகும் திசையில் என் வில்லையும் நகர்த்தினேன். முடியைத் தந்தியில் படாமல் பார்த்துக்கொண்டேன். பார்ப்பவர்களுக்கு நானும் வேகமாக வாசிப்பதாகத் தோன்றும்.

எங்கள் வரிசையின் தலைவி பத்தொன்பது வயது மாணவி. இடைவேளையில் அருகில் வந்து, "உங்கள் வில் நகர்கிறது, ஓசை வரவில்லையே?" என்று மெல்லக் கேட்டாள். மறைக்க முடியவில்லை. லாவ்ஷியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முதலில் நான் இல்லாமல் எர்ஹூ வரிசையை அந்தப் பகுதியை வாசிக்கச் சொன்னார். பிறகு என் இரண்டு சுரங்களோடு வாசிக்கச் சொன்னார். வேறுபாடு எனக்கே கேட்டது. "இந்த இடத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள். யாராவது ஒருவர் தரையில் நிற்க வேண்டும். அதற்குத்தான் உங்களுக்கு எழுதினேன்" என்றார்.

அன்றிரவு அறைக்குத் திரும்பிய பிறகு அந்தச் சிறுமியின் "சரிங்க மிஸ்" காதில் விழுந்தது. வாயை மட்டும் அசைத்தபடி மேடையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நானே செய்து பார்த்திருக்கிறேன் அல்லவா? இயலாத ஒருவர் லாவ்ஷியிடமும் இருந்தார், என்னிடமும் இருந்தார். நான் ஓசையை எடுத்துக்கொண்டேன். அவர் ஓர் ஓசையை எழுதிக் கொடுத்தார்.

எர்ஹூவின் வரலாற்றிலும் அப்படி ஓர் ஆசிரியர் உண்டு. லியு தியென்ஹுவா, 1895இல் பிறந்தவர். தெருக்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஒலித்த எர்ஹூவைக் கல்லூரியில் கற்பிக்கத் தக்கதாகப் பலர் கருதாத காலம் அது. 1922 முதல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சீன இசை கற்பித்த அவர், எர்ஹூவுக்குப் பத்துத் தனி உருப்படிகளை இயற்றினார். ஆசிரியராக என்னைக் கவர்ந்தது வேறொன்று. கற்பவர் படிப்படியாக ஏறுவதற்கென்று 47 பயிற்சிகளையும் எழுதிவைத்தார். 1932இல், 37 வயதில் காலமானார். இன்று பல்கலைக்கழகக் குழுக்களில் என்னைப் போன்றவர்களும் எர்ஹூவைத் தொட முடிகிறதென்றால், அவர் அமைத்த படிகளுக்கும் அதில் பங்குண்டு.

நண்பர்களே, எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலையறிந்து கற்பிக்கிறோம். அது தேவை. அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். அந்த மூன்று நிலையினரும் சேர்ந்து ஒரே ஒன்றைச் செய்யும் நேரம் நம் வகுப்பில் நாள்தோறும் உண்டா? அதில் அரும்பு நிலைக் குழந்தைக்கு உண்மையான வேலை இருக்கிறதா, வாயசைக்கும் வேலையா?

என் ஆறாம் வகுப்பில் பாடத்தை நாடகமாகப் படிக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவனுக்குத் திரும்பத் திரும்ப வரும் ஒரே வரியைத் தருகிறேன். அந்த வரி வராவிட்டால் அடுத்தவர் தொடங்க முடியாது, அப்படி அமைக்கிறேன். பாட்டில் சுருதி சேராத குழந்தை தாளம் போடுகிறது, அல்லது ஒரே சுரத்தில் ஆதார ஒலி கொடுக்கிறது. எல்லா நாளும் இது வெற்றி பெறுவதில்லை. "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் சின்ன வரி?" என்று கோபித்துக்கொண்ட மாணவனும் உண்டு. அவனிடம் அந்த வரியை விட்டுவிட்டு மற்றவர்களைப் படிக்கச் சொல்லிக் காட்டினேன். லாவ்ஷியிடம் கற்ற பாடம் அது. மறுமாதம் அவனே இரண்டு வரி கேட்டு வாங்கினான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்களுக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். பறை, சிலம்பம், தையல், ஏதோ ஒரு மொழி, எதுவாகவும் இருக்கட்டும். தடுமாறும் கையை நாமும் அவ்வப்போது வைத்திருப்பது நல்லது.

கச்சேரியில் என் இரண்டு சுரங்களையும் வாசித்தேன். ஓரிடத்தில் முந்திவிட்டேன், மற்றவை சரியாக வந்தன. அந்தச் சிறுமியை அதன்பின் நான் பார்க்கவில்லை. இப்போது அவளுக்கு இருபது வயதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. எங்கிருந்தாலும் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.