நூற்றியோரு பெண்கள்

("சமுதாய முன்னேற்றத்திற்குப் பெரிதும் காரணம் தனிமனித முயற்சியா, கூட்டு முயற்சியா?" என்ற பட்டிமன்றத்தில், கூட்டு முயற்சியே என்ற அணியில் ஆற்றிய உரை)

 

எதிரணியில் பேசிய தம்பி, "நாலு பொம்பளைங்க ஒண்ணா உக்காந்தா ஊர்வம்புதான் வளரும்"னு சொல்லிட்டுப் போனார். (சிரிப்பு) நான் 101 பெண்கள் ஒன்றாக உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கனடா நாடு, ஒன்டாரியோ மாநிலம், ஹாமில்டன் நகரம். அங்கே அடிலெய்டு ஹூட்லெஸ் என்று ஒரு தாய். 1889-இல் அவருடைய கைக்குழந்தை இறந்துபோனது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அந்தத் தாய் நம்பினார். அந்தக் காலத்தில் பால் திறந்த பாத்திரத்தில் வரும், ஈ மொய்க்கும். நெனச்சுப் பாருங்க ஐயா! வேறு யாரோ கெடுதல் செய்திருந்தால் அவன்மேல் கோபப்படலாம். இங்கே ஊட்டியது பெற்றவள் கை!

அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை அவர். வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று மேடை மேடையாகப் பேசினார். 1897 பிப்ரவரி 12. பக்கத்து ஊரான ஸ்டோனி கிரீக்கில் உழவர் சங்கக் கூட்டம். அங்கே ஒரு கருத்தை வைத்தார். மாட்டுக்கு என்ன தீவனம் என்று பேச ஆண்களுக்குச் சங்கம் இருக்கிறதே. பிள்ளைக்கு என்ன ஆகாரம் என்று பேசப் பெண்களுக்கு ஒரு சங்கம் வேண்டாமா? (கைதட்டல்)

ஒரே வாரம்! 19-ஆம் தேதி கூடிய பெண்கள் 101 பேர். நம்ம ஊரில் மொய் எழுதுவது மாதிரி அமைந்துவிட்டது. (சிரிப்பு) ஆண் ஒரே ஒருவர்: ஹூட்லெஸைப் பேச அழைத்த விவசாயி எர்லண்ட் லீ. அவர் மனைவி ஜேனட் லீ, தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சங்கத்தின் விதிகளை எழுதினார். உலகின் முதல் 'விமன்ஸ் இன்ஸ்டிடியூட்' பிறந்தது. அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

"இதுவும் ஹூட்லெஸ் என்ற தனிமனுஷியின் முயற்சிதானே?" என்று எதிரணி கேட்கும். தெரியும், தம்பி. பதில் வைத்திருக்கிறேன்.

1910 பிப்ரவரி. டொராண்டோவில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹூட்லெஸ் சரிந்து இறந்தார். வயது 52. தனிமனித முயற்சி என்றால் கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டுமே! முடியவில்லையே!

1915-இல் மேட்ஜ் வாட் என்ற பெண்மணி கனடாவிலிருந்து இந்த யோசனையைக் கொண்டுபோக, வேல்ஸ் நாட்டின் லான்வைர்புல் கிராமத்தில் பிரிட்டனின் முதல் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, பிரிட்டனின் கிராமத்துப் பெண்கள் 5,300 டன்னுக்கு மேற்பட்ட பழங்களை வீணாகாமல் ஜாமாகவும் மற்ற வகைகளாகவும் பதப்படுத்தினார்கள். வம்பு பேசிய வாய்கள் இல்லை, தம்பி. ஊருக்குச் சோறு போட்ட கைகள்! (பலத்த கைதட்டல்)

கடைசியாக அந்தப் பாலுக்கு வருகிறேன். சுத்தமான பால் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் இந்தச் சங்கத்துப் பெண்களும் உண்டு. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியே விற்க வேண்டும் என்று 1938-இல் ஒன்டாரியோவில் சட்டம் வந்தது. குழந்தை போய் 49 வருஷம். தாய் போய் 28 வருஷம். அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால், சங்கம் இருந்தது.

ஒருத்தியின் கண்ணீர் ஒருத்தியோடு காய்ந்துவிடும். 101 பேர் அதைத் தங்கள் கண்ணீராக ஏற்றால், பின்னால் வரும் பிள்ளைகள் பிழைப்பார்கள். ஆகவே, கூட்டு முயற்சியே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.