தகட்டில் இருந்த அலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெட்ராலஜி லேபில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ரீடிங் எழுதியவன் நான். என்னையே அளவெடுப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் சார் சிரிக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. கார் கதவு செய்து பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலை, பேர் வேண்டாம். ஒரு வாரமாகக் கதவெல்லாம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி வந்தது. பளபளப்பு இருக்கும். ஆனால் டியூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாகத் தெரியாமல் நெளியும். இந்த மாதிரி வந்தால் முதலில் மாட்டுவது பெயிண்டர்தான். கன் தூரம், காற்றழுத்தம், தின்னர் எல்லாமே காரணமாகலாம் என்பதால் அவரால் மறுத்தும் பேச முடியாது.

பூத்தில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், கான்ட்ராக்ட் ஆள். "சார், கையில கோளாறு இல்ல. தகட்டைப் பாருங்க"ன்னு சொன்னார். நானும் ரஃப்னஸ் மீட்டரை எடுத்துட்டுப் போய் வெச்சுப் பார்த்தேன். ஆர்.ஏ. 1.1 மைக்ரான், ஸ்பெக்குக்கு உள்ளே. "தகடு சரி, அடிக்கும் முறையில் தவறு" என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் அவரை மாஸ்கிங் டேப் ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கூலியும் குறைந்தது.

புது ஆள் வந்தார். கதவு அப்படியேதான் வந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஸ்டோரில் பழைய காயிலின் தகடு மிச்சம் இருந்தது. அதையும் புதிய காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தோம். பெயிண்ட் அடிக்காமலேயே புதுத் தகட்டில் நெளிவு தெரிந்தது! இரண்டுக்கும் ஆர்.ஏ. ஏறக்குறைய ஒன்றுதான்.

காரணம் மீட்டரிலேயே இருந்தது. இந்த அளவு சொரசொரப்புக்கு வழக்கமாக வைக்கும் கட்-ஆஃப் 0.8 மி.மீ. அதைவிட நீளமான அலைகளை மீட்டரே வடிகட்டித் தள்ளிவிடும். நம் கண்ணுக்கு ஆரஞ்சுத் தோலாகத் தெரிவதோ 1 முதல் 10 மி.மீ. வரை உள்ள அலைகள். கண்ணை உறுத்துவதைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்துக்குத்தான் அந்த நம்பர்.

பெயிண்ட் மூடிவிடாதா என்று கேட்பீர்கள். கார் பெயிண்ட் எல்லா கோட்டும் சேர்த்து சுமார் 100 மைக்ரான். நெருக்கமான சின்ன மேடுபள்ளங்களை அது நிரப்பிவிடும். நீளமான அலை அப்படியில்லை. அலைநீளம் இரண்டு மடங்கானால், ஈரப் பெயிண்ட் பரவிச் சமமாக 16 மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் அது இறுகிவிடுகிறது. அவனில் சுருங்கும்போது அடியில் உள்ள அலை மேலே எட்டிப் பார்க்கிறது.

அப்படியானால் கண்ணாடி மாதிரி வழவழப்பான தகடே வாங்கிவிடலாமே? பிரஸ் ஷாப்காரர்கள் அடிக்க வருவார்கள். டையில் இழுபடும்போது எண்ணெய் தங்கக் குழிகள் வேண்டும். இல்லாவிட்டால் தகடு டையில் ஒட்டி உராய்ந்து கிழியும். அதனால்தான் ஸ்டீல் மில்லில் கடைசியாக ஸ்கின் பாஸ் கொடுக்கும்போது, சொரசொரப்பாக்கிய ரோலால் அழுத்தி, வேண்டுமென்றே அந்தக் குழிகளைப் பதிக்கிறார்கள். ரோலில் இரும்பு மணல் அடித்துச் சொரசொரப்பாக்குவது பழைய வழி. அதில் குழிகள் தாறுமாறாக விழும்; நீள அலைக்கு வாய்ப்பு அதிகம். மின்பொறியால் செய்யும் இ.டி.டி. முறையில் குழிகள் நெருக்கமாக, ஒரே சீராக விழும். எங்கள் சப்ளையர் ரோல் மாற்றியிருந்தார். ஆர்.ஏ. மட்டுமே கேட்டிருந்தோம், அதைச் சரியாகவே கொடுத்திருந்தார். அலைக்கு எங்கள் ஸ்பெக்கில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியைப் பிறகு சேர்த்தோம்.

ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினேன். அவர் பூத்துக்குத் திரும்பி வந்தார். குறைந்த மூன்று வாரக் கூலி மட்டும் கடைசிவரை வரவில்லை. கான்ட்ராக்டர் கை விரித்துவிட்டார். "விடுங்க சார், கதவு நல்லா வருதுல்ல"ன்னு அவர் சொன்னது இன்னமும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இரண்டு தகடு கொண்டுவந்திருக்கிறேன், மேஜையில் இருக்கிறது. எண்ணெய் தடவியிருக்கு, சட்டையில் படாமல் எடுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்து, எது எதுன்னு சொல்லுங்கள் பார்ப்போம்.