வீட்டு வாசலுக்கு வரவேண்டிய வைத்தியம்

(சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். எல்லோரும் அறிந்திருந்தும் ஒருவரும் வாய்விட்டுப் பேசாத நோய் ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டேன். நீரிழிவு உண்டென்றால் நாம் மறைப்பதில்லை. இரத்த அழுத்தம் உண்டென்றால் அயலாரிடம் கைமருந்து கேட்கிறோம். ஆனால், வீட்டிலே ஒரு பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டால் படலையைச் சாத்திவிடுகிறோம். அங்கொடை என்ற ஊரின் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகமன்றோ நாம்!

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பத்துப் பரப்புத் தோட்டத்தில் வெங்காயம் செய்யும் குடும்பம். மூத்த மகன் படிப்பிற் கெட்டிக்காரன். இருபதாவது வயதில் அவன் தனியே பேசத் தொடங்குகிறான். பிறர் காதுக்கு எட்டாத குரல்கள் தனக்குக் கேட்கின்றன என்கிறான். தாய் போடும் சோற்றிலும் நஞ்சிருக்குமோ என்று ஐயுறுகிறான். நேர்த்தி வைக்கிறார்கள், நூல் கட்டுகிறார்கள், ஈற்றில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறார்கள். மனச்சிதைவு நோய் என்று கண்டு மருந்து கொடுக்கிறார்கள். குரல்கள் அடங்குகின்றன. வீட்டார் மகிழ்கின்றனர்.

அடுத்த கிளினிக் நாள் வெங்காயம் கிண்டும் நாளாக அமைந்துவிடுகிறது. இரண்டு பஸ் மாறிப் போய்வர ஒரு பகல் கழிந்துவிடும். 'பொடியன் இப்போது சுகமாகத்தானே இருக்கிறான்' என்று போகாமல் விடுகிறார்கள். மருந்து நின்றுபோகிறது. சில மாதங்களில் பழைய குரல்கள் திரும்பி வருகின்றன. இம்முறை பின்னறைக்குப் பூட்டு விழுகிறது.

இங்கே யாரைக் குறை சொல்வது? மருந்து பிழைக்கவில்லை. வைத்தியரும் பிழை செய்யவில்லை. தோட்டத்தை நம்பிச் சீவிக்கும் தாய் தந்தையர் மீதும் பழி சுமத்த முடியாது. வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலே யாரும் இல்லாத ஒரு பெருவெளி கிடக்கிறது. நோயாளி அந்த வெளியிலேதான் தொலைந்துபோகிறான்.

அந்த வெளியை யாரைக் கொண்டு நிரப்பலாம்? ஊருக்கொரு உளமருத்துவரை நியமிப்பது எந்த ஏழை நாட்டினாலும் ஆகாத காரியம். அப்படியானால், ஊரிலே பிறந்த ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினால் பயன் உண்டா? இக்கேள்வியை வெறும் அபிப்பிராயமாக விட்டுவிடாது, அண்டை நாடாகிய இந்தியாவிலே ஆராய்ந்து பார்த்தார்கள்.

ஆராய்ச்சி என்றதும் கமக்காரர் அஞ்சவேண்டியதில்லை. அதை உங்களைவிட நன்கறிந்தவர் இலர். புதிய நெல்லினம் வந்தால் வயல் முழுவதும் விதைத்துவிடுகிறீர்களா? ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில், ஒரு பாத்தியிற் புதியதையும் மறு பாத்தியிற் பழையதையும் விதைத்து, விளைச்சலை அளந்து பார்த்தல்லவோ தீர்மானிக்கிறீர்கள்! மருத்துவ ஆராய்ச்சியும் இதுவே. பாத்திகளுக்குப் பதிலாக மனிதர், அவ்வளவுதான் வேறுபாடு. இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பதை ஆராய்வோரின் விருப்பத்துக்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போடுவது போலப் பிரிப்பார்கள். முடிவை அளக்க வருபவருக்கு, எதிரில் இருப்பவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது தெரியாது. தெரிந்தால் கண்ணும் கையும் ஒருபக்கம் சாய்ந்துவிடும் அன்றோ!

இவ்வாறு 2009, 2010ஆம் ஆண்டுகளில், மனச்சிதைவு நோயுற்ற 282 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். கோவா, மகாராட்டிரம், தமிழ்நாட்டின் காஞ்சிபுரப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் இப்பரிசோதனை நடைபெற்றது. கோவாவின் சங்காத் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் சுதிப்தோ சாட்டர்ஜி முன்னின்றார். சென்னையிலே டாக்டர் சாரதா மேனன் 1984இல் தோற்றுவித்த மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பங்கெடுத்தனர். 95 பேருக்கு வழக்கமான வைத்திய சிகிச்சை மட்டும். எஞ்சிய 187 பேருக்கு அதே சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் வீட்டுக்கே சென்று உதவினர்.

அவ்வூழியர் வைத்தியரல்லர், தாதியருமல்லர். நோய் இன்னதென்று வீட்டாருக்கு விளங்கச் சொன்னார்கள். மருந்து தவறாதிருக்க வழி செய்தார்கள். நோயாளி குளித்து, உடுத்து, சிறு வேலை ஒன்றைத் திரும்பவும் தொடங்கத் துணை நின்றார்கள். கிடைக்கக்கூடிய அரசாங்க உதவிகளைப் பெற்றுக்கொள்ள வழிகாட்டினார்கள். இவ்வாறு ஓராண்டு காலம் சென்றது.

முடிவுகள் 2014ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஊழியர் சென்ற வீடுகளில், நோயினால் அன்றாட வாழ்வில் உண்டான செயலிழப்புத் தெளிவாகக் குறைந்தது. நோயின் அறிகுறிகளும் ஓரளவு குறைந்தன. ஆயினும், அது தற்செயலாக நேர்ந்திருக்கலாமோ என்ற ஐயம் முற்றாக நீங்கவில்லை. அறிகுறிகள் ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைந்தவர்கள் இரு பிரிவிலும் 51 வீதமாகவே இருந்தனர். நோயாளியை ஊர் ஒதுக்கிவைக்கும் கொடுமையும், பராமரிப்போரின் சுமையும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

'இவ்வளவு பாடுபட்டும் விளைச்சல் இவ்வளவுதானா?' என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படவேண்டாம். ஆராய்ந்தோர் சொன்ன மற்றொன்றையும் கேளுங்கள். வைத்திய வசதி மிகக் குறைந்த நாட்டுப்புறங்களிலேயே இச்சேவை பெரிதும் உகந்தது. அத்தகைய இடங்களில் இதனை முதற் சேவையாகத் தொடங்குவதே நன்று என்பது அவர்களின் முடிவு. நீர் நிறைந்த வயலுக்கு இன்னொரு துலா இறைப்பினால் வரும் பயன் சிறிது. வரண்ட தறைக்கோ அதுவே உயிர்.

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று என்பேன்.

முதலாவது: சேவையை எங்கே தொடங்குவது? பட்டினத்து வைத்தியசாலையின் பக்கத்திலன்று. பஸ் போகாத ஊரிலே தொடங்கவேண்டும். திட்டம் வகுப்போர் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறானது.

இரண்டாவது: ஊர் ஊழியர் வைத்தியருக்குப் பதிலாளர் அல்லர். அப்பரிசோதனையில் இரு பிரிவினருக்கும் உளமருத்துவ சிகிச்சை இருந்தது. 'ஊழியரை அனுப்பிவிட்டோம், இனி வைத்தியர் வேண்டாம்' என்று எந்த அரசாங்கமாவது கணக்குப் பார்க்குமானால், அது மலிவு விலையில் நம்மை ஏமாற்றுவதாகும்.

மூன்றாவது: மருந்தும் வீட்டு வருகையும் ஊரின் நாவைத் திருத்தவில்லை. அதைத் திருத்தவேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் நாமே.

இனி நம் நாட்டு நிலைமையைப் பாருங்கள். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. 2011இல் அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. இவை மனச்சிதைவு நோயின் வேறானவை. ஆயினும், எந்த உளநோயாளியும் கடக்கவேண்டிய வெளி ஒன்றுதான். தனக்கு நோய் உண்டென்று அறியாதவனும், அறிந்தும் வெட்கத்தினால் ஒளிப்பவனும், பஸ் காசு இல்லாதவளும் அங்கேதான் நிற்கிறார்கள்.

நமக்கு இது முற்றிலும் புதிய வழியுமன்று. யுத்த காலத்திலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் யாழ்ப்பாணத்தில் ஊர் மட்ட ஊழியரைப் பயிற்றுவித்தனர். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர், பாதிக்கப்பட்ட சில மாவட்டங்களிற் சமூக உதவி ஊழியர் பயிற்றப்பட்டனர். 2005ஆம் ஆண்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட உளநலக் கொள்கையும், தலைநகரின் பெரிய வைத்தியசாலைகளில் முடங்கிக் கிடந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர வேண்டுமென்றே கூறியது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. தெரிந்த வழியில் தொடர்ந்து நடக்கவேண்டும் என்பதே இங்குள்ள வழக்கு.

வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கி, பணம் முடிந்ததும் முடிந்துபோகும் சேவை நோயாளிக்கு இரட்டைத் துரோகமாகும். ஒருமுறை நம்பிக் கதவைத் திறந்த தாய் மறுமுறை திறக்கமாட்டாள். ஆகையால் நாம் கேட்கவேண்டியது இதுவே: ஊரைச் சேர்ந்த, ஊர்மொழி பேசும் உளநல ஊழியர் நிரந்தர உத்தியோகத்தராக, மாதச் சம்பளத்துடன் நியமிக்கப்படவேண்டும். கைமுறிவைச் சைகையினாலும் காட்டலாம். மனமுறிவைத் தாய்மொழியிலேதான் சொல்லமுடியும். அந்த ஊழியருக்குப் பின்னால் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும். அச்சேவையும் பாத்தி பிரித்து அளப்பது போல அளக்கப்படவேண்டும். பயன் தந்தால் விரிக்கவும், தராவிட்டால் திருத்தவும் நாம் தயங்கலாகாது.

படித்த உத்தியோகத்தர்களே! இக்கோரிக்கையை எழுத்தில் வடித்து உரிய இடத்துக்குக் கொண்டு செல்வது உங்கள் கடன். கமக்காரச் சகோதரர்களே! உங்கள் கடன் அதனிலும் பெரிது. அயல்வீட்டுப் பிள்ளை சுகப்பட்டுத் திரும்பி வரும்போது, அவனை மீண்டும் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஒரு நேர வேலை கொடுங்கள். வேலை செய்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இன்றிரவு இந்தக் கூட்டம் கலைந்து நீங்கள் வீடு செல்லும் வழியில், சாத்திய படலை ஒன்று இருக்கும். அது எந்த வீட்டுப் படலை என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நாளைக் காலையிலே அதைத் தட்டி, 'தம்பி எப்படி இருக்கிறான்?' என்று கேளுங்கள்.