கம்பி வெறும் முட்டுதான்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திருச்சுழிப் பக்கம் கரிமூட்டை சுமந்த என் அண்ணனுக்கு முதுகெலும்பில் நாலு ஸ்க்ரூவும் இரண்டு டைட்டானியம் கம்பியும் வைத்தார்கள். 1963-இல் பிரெஞ்சு டாக்டர் ராய்-கமீய் ஸ்க்ரூவும் தகடும் வைத்துச் செய்த முறையிலிருந்து வளர்ந்தது அது.

"கம்பி போட்டாச்சு, இனி என்னடா?" என்று மூன்றாம் மாதமே மூட்டை தூக்கினார். அடுத்த வருஷம் கம்பி முறிந்தது.

கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுக்கிறோமே, அதுபோல எலும்பு ஒட்டும்வரைதான் கம்பி தாங்கும். ஒட்டாவிட்டால், குனிந்து நிமிரும்போதெல்லாம் வளைந்து வளைந்து ஒடியும். பீடி, சிகரெட்டும் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

இங்கே இயற்பியல் படித்தவன் நான். அன்று அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. தம்பி, தங்கைகளே, நீங்கள் உங்கள் ஊரில் சொல்லுங்கள்.